கறுப்புக்கட்டை மணி

அந்தப் பையத் தொடாதம்மா. மேல கேரியர்ல எல்லாம் வைக்க வேண்டாம், என் மடியிலயே கிடக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு தேங்காக் கனம்தான் இருக்கும். நீ நல்லா சாஞ்சு உக்காரு. எங்க, திருநெல்வேலிக்கா? நானும் அங்கதான் போறேன்.

இந்தா பாரு, டிரைவர் பஸ்ஸப் பள்ளத்துல விட்டுட்டான். கேட்டுச்சா, டிங்குன்னு? அப்படி முழிக்காத, பாத்திரம் பண்டம் ஒண்ணுமில்ல, மணி. கைமணி. பள்ளிக்கூடத்துல பியூன் அடிக்கானே, அந்த மணின்னு நெனைக்காத. அது யாரு அடிச்சாலும் ஒரே கூப்பாடுதான் போடும். இது ஒவ்வொண்ணும் ஒரு சுரம். ஆளுக்கு ரெண்டு மணி, வலது கைக்கு ஒண்ணு, இடது கைக்கு ஒண்ணு. வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு மேசைக்குப் பின்னால வரிசையா நிப்பாவ. ஒருத்தி கையில ச இருக்கும், அடுத்தவ கையில ரி இருக்கும், இப்படியே போகும். அவங்கவங்க இடம் வரும்போது அடிச்சுட்டு, உடனே மணியத் தோள்ல சாத்தி சத்தத்த அமத்திரணும். ஒருத்தி கொட்டாவி விட்டான்னு வையி, பாட்டுல ஓட்டை விழுந்துரும். தனியா ஒருத்தராலயும் ஒரு பாட்டும் அடிக்க முடியாது. அதனாலதான் முன்னால ஒரு ஆள் நிக்கணும். கையக் காட்டி, நீ இப்ப, நீ இப்பன்னு எடுத்துக் கொடுக்கணும். அந்த ஆள்தாம்மா நானு. வயலட் டீச்சர்னு நல்லாயன்புரத்துல வந்து கேட்டுப் பாரு, காக்கா குருவி கூட வீட்டக் காட்டும்.

பெண்கள் பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர். ரிட்டையர் ஆயாச்சு. அந்தக் காலத்து வெள்ளைக்கார பிரின்சிபால் அம்மா விட்டுட்டுப் போன பெட்டி ஒண்ணு ஸ்டோர் ரூம்ல கிடந்துச்சு. ஒவ்வொரு ஹெட்மிஸ்ட்ரஸும் அதுமேல பழைய பேப்பரை அடுக்கிட்டுப் போயிருக்காவ. நான்தான் தொறந்து, புளி போட்டுத் தேய்ச்சு, சபையில ஆள் சேத்துக் குழு ஆரம்பிச்சேன். யாராவது ஆரம்பிக்கச் சொன்னாவளான்னு கேட்டா, இல்ல. யாரும் சொல்லாமத்தான் நல்ல காரியம் எல்லாம் நடக்கு.

போன வருஷம் எங்க சபை மேலிடத்துல இருந்து ஒரு சேதி வந்துச்சு. வட்டாரத்துல நம்ம பள்ளிக்கூடம் எத்தனை இருக்கோ அத்தனைக்கும் கைமணி சொல்லிக்கொடுக்க ஒரு ஆளப் போடப் போறாவளாம். கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்கு பேராயர் எங்க சபைக்கு வருவாரு, குழுவைக் கேட்டுட்டு ஆளச் சொல்லுவாரு. அந்த ஆளு வேற யாரா இருக்க முடியும், நீயே சொல்லு? எனக்கு அந்த வேலை வேணும்மா. சும்மா சொல்லல, நெஞ்சத் தொட்டுச் சொல்லுதேன், வேணும். பள்ளிக்கூடத்துல நான் கையத் தூக்கினா அசெம்பிளி முழுக்க வாய மூடும். ரிட்டையர் ஆன பெறவு வீட்டுல கையத் தூக்கினா, "என்ன வயலட்டு, தோள்பட்டை வலிக்கா, தைலம் தேய்க்கவா"ன்னு கேக்காரு எங்க வீட்டுக்காரரு. மனுசரோட பேச்சைப் பாரு.

குழுவுல சேந்ததுக எப்பேர்ப்பட்ட ஆளுங்கன்னு கேட்டா நீ சிரிப்ப. எங்க சபைச் செயலர் சாமிதாஸ் அண்ணாச்சி வந்து நின்னாரு. "டீச்சர், இருக்கதுலயே பெரிய மணி எதுவோ அதை எனக்குக் கொடுங்க"ன்னாரு. "அண்ணாச்சி, அது அடி சுரம், பாட்டுல அப்பப்பத்தான் வரும்"னேன். "செயலர் சின்ன மணி பிடிச்சா சபைக்கு என்ன மரியாதை?"ன்னு கேக்காரு. கொடுத்தேன். அந்த மணிய ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சவங்க யாராவது கோயிலுக்குள்ள வந்தா ஒரு அடி அடிப்பாரு. வரவேற்பாம்.

பொம்பளைங்க அதுக்கு மேல. மணி அடிக்கும்போது வளையல் ஆகாது, கிலுகிலுன்னு சத்தம் வரும், கழட்டுங்கன்னு சொன்னேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு மொட்டைக் கையோட எப்படி நிக்கதுன்னு ஒரே அழுகை. கடைசில வளையலுக்கு மேல கைக்குட்டையச் சுத்திக் கட்டிக்கிட்டாளுவ. பாத்தா எல்லாருக்கும் கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு. போதாக்குறைக்கு ஒத்திகைக்கு நடுவுல அச்சுமுறுக்கு. வெள்ளைக் கையுறை ரெண்டு வாரத்துல எண்ணெய்ச் சட்டியத் துடைச்ச துணி ஆயிருச்சு. சுரம் வாசிக்கத் தெரியாதேன்னு நான் சார்ட்டுல ஆளுக்கொரு கலர்ல எழுதிப் போட்டேன். சிவப்பு வந்தா நீ அடி, பச்சை வந்தா நீ அடி. அதுக்கும் சண்டை, எனக்கு ஏன் மஞ்சள், அவளுக்கு ஏன் ரோஸுன்னு. அத்தனை பேரும் சார்ட்டையே பாத்துக்கிட்டு நிப்பாவ. நான் ஒருத்தி முன்னால நின்னு கையை ஆட்டுதேனே, ஏறிட்டுப் பாக்க ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுல நின்னு ஆட்டினாக் கூட ஒரு ஆட்டோக்காரனாவது பாத்திருப்பான்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். இனிமேதான் விஷயமே இருக்கு. பியூலான்னு ஒருத்தி. வேற யாருமில்ல, என் கொழுந்தன் பெண்டாட்டிதான், எனக்கு ஓரகத்தி. எம்.எஸ்ஸி கணக்கு, வீட்டுல வச்சு டியூஷன் எடுக்கா. பிள்ளைங்க எல்லாம் பியூலா மிஸ், பியூலா மிஸ்ஸுன்னு அவ வாசல்லயே செருப்பக் கழட்டிப் போட்டிருக்கும். முதல் நாள் ஒத்திகையில எல்லாருக்கும் மணி எடுத்து வைக்கேன். எல்லாரு முன்னாலயும் வச்சு என்ன கேட்டா தெரியுமா? "அக்கா, நீங்க எந்த மணி அடிப்பீங்க?"

கேக்கலாமாம்மா இதை? கல்யாண வீட்டுல மாப்பிள்ளையப் பாத்து நீங்க எந்தப் பந்தியில பரிமாறுதீங்கன்னு கேப்பாவளா? நான் முன்னால நிக்கவ. எனக்கு மணியே கிடையாது. எல்லா மணியும் என் மணிதான். அது வரைக்கும் ஒரு மணியக் கூட நான் அடிச்சதில்ல, அது மரியாதையும் இல்ல. "நான் அடிக்க மாட்டேன் பியூலா, அடிக்க வைப்பேன்"னு சொன்னேன். அவ சிரிச்சா. நல்ல சிரிப்புதான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு. அவரு தம்பி பெண்டாட்டிய அவரு விட்டுக் கொடுப்பாரா?

சிரிச்சேல்லா, இருன்னு மனசுல நெனைச்சுக்கிட்டேன். ஆர்மோனியத்துல கறுப்புக்கட்டை பாத்திருப்ப. அந்தச் சத்தத்துக்கும் பெட்டியில மணி இருக்கு. நாங்க எடுத்த கிறிஸ்மஸ் பாட்டு வெள்ளைக்கட்டையிலயே போற நேர்ப் பாட்டு, கறுப்புக்கட்டைக்கு அதுல வேலையே கிடையாது. கடைசி வரில மட்டும் ஒரே ஒரு இடத்துல வரும். ஒரே ஒரு அடி. அண்ணாச்சியத் தவிர எல்லாருக்கும் ரெண்டு மணி கொடுத்தேன், பியூலாவுக்கு இந்தா மடியில கிடக்கே, இந்த ஒரு மணியத்தான் கொடுத்தேன். "பாட்டு உனக்குப் புதுசுல்லா, சுளுவா இருக்கட்டும்"னு சொல்லி மேசையோட கோடியில நிறுத்திட்டேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன். யாரைக் கேட்டாலும் அது நல்லதுன்னுதான் சொல்லுவாவ.

வேற எவளா இருந்தாலும் அடுத்த வாரமே, எனக்கு மாவு ஆட்டணும், மாமியாருக்கு மேலுக்குச் சொகமில்லன்னு நின்னுருப்பா. இவ நிக்கல. முதல் ஆளா வந்துருவா. வந்து மணியத் தோள்ல சாத்திக்கிட்டு நேரா நிப்பா. பாட்டு முழுக்க நிப்பா. பக்கத்துல நிக்கவகிட்ட ஒரு பேச்சுக் கிடையாது, அச்சுமுறுக்குக் கிடையாது. சார்ட்டையும் பாக்க மாட்டா. என்னையவே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பா. எனக்கு எப்படி எரியும்? கடைசி வரி வந்ததும் நான் அவ பக்கம் திரும்பி, இந்தா உன் பெரிய வேலைன்னு விரலை நீட்டுவேன். விரல் நீளவும் டிங்குனு அடி விழும். முன்னப் பின்ன ஒரு நாளும் ஆனதில்ல. அடிச்சுட்டுத் தோள்ல சாத்தி அமத்திட்டு, மறுபடி என்னையவே பாப்பா.

இதுல என்ன கூத்துன்னா, ஒத்திகை பாக்க வந்து உக்காருத சனம் எல்லாம் இந்த ஒரு அடிக்காகக் காத்துக்கிட்டு இருக்க ஆரம்பிச்சிட்டு. கடைசி வரி வரும்போது பேச்சுச் சத்தம் நின்னுரும். எல்லாத் தலையும் கோடியப் பாக்கத் திரும்பும். டிங்குன்னதும், ஆகா, அப்பாடான்னு ஒரு மூச்சு விடுவாவ. மத்தவங்க அடிச்சது எல்லாம் என்ன, தகர டப்பாவா?

அத்தோட விட்டாவளா? எங்க ஐயரு இருக்காரு பாரு, எங்க பக்கத்துல போதகரை ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரு கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுதாரு. "காத்திருக்கிறது எப்படின்னு தெரியணுமா? நம்ம பியூலாவைப் பாருங்க. ஒரே ஒரு தடவை அடிக்கிறதுக்காகப் பாட்டு முழுவதும் கண் அசையாம நிக்கிறாங்க. ஆண்டவருக்கு நாம அப்படிக் காத்திருக்கோமா?" சபை முழுக்கத் தலையாட்டுது. நான் முதல் பெஞ்சுல உக்காந்திருக்கேன். பெட்டியத் தொறந்தவ நான், புளி போட்டுத் தேய்ச்சவ நான், கலர் கலரா எழுதினவ நான். என் பேரு ஒரு வார்த்தை வரல. அடிக்கவ பேரு வந்துச்சு, அதுவும் ஒரு அடி அடிக்கவ பேரு.

அன்னைக்குச் சாயங்காலமே அவ வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டேன். "பியூலா, உனக்கு டியூஷன் நேரம் கெட்டுப் போகுது. கேரல் ஆராதனைக்கு நீ வந்து நிக்க வேண்டாம். ஒரு அடிதான, நானே அடிச்சுக்கிடுதேன்." அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. "நான் ஏதும் தப்பா அடிச்சேனா அக்கா?"ன்னு கேட்டா. தப்பா அடிச்சிருந்தா நான் ஏன் இவ்வளவு கஷ்டப்படப் போறேன்? "அதெல்லாம் இல்ல"ன்னு சொல்லிட்டு, கொடுத்த காப்பியக் குடிச்சுட்டு வந்துட்டேன். காப்பி நல்லாத்தான் இருந்துச்சு.

கேரல் ஆராதனை அன்னைக்குப் பேராயர் முன் வரிசையில உக்காந்திருக்காரு. கோயில் நெறைஞ்சு கிடக்கு. மேசைக் கோடியில அவ நின்ன இடம் பல்லு விழுந்த மாதிரி தெரியுதேன்னு ஒரு நாற்காலியப் போட்டு அதுமேல ஒரு பூச்சாடிய வச்சேன். நல்ல சாமந்திப் பூ. இந்த மணிய என் பக்கத்துல ஸ்டாண்டுல துணி விரிச்சு வச்சுக்கிட்டேன். கடைசி வரி வரும்போது எடுத்து ஒரு அடி அடிச்சுட்டு வச்சுரணும், அவ்வளவுதான் வேலை. வீட்டுல செஞ்சு பாத்தேன், அருமையா வந்துச்சு. வீட்டுல என் முன்னால யாரும் பாட்டு வாசிக்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஆரம்பிச்சாச்சு. சொன்னா நம்ப மாட்ட, அன்னைக்கு எல்லாரும் நல்லா அடிச்சாவ. அண்ணாச்சி கூட பேராயரு வந்தப்ப ஒரு வரவேற்பு அடி அடிச்சதோட சரி. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இந்தா, வேலை கைக்கு வந்துட்டுன்னு நெனைக்கேன். கடைசி வரி வருது. மூணு மாசமா அந்த இடத்துல இந்தக் கை எங்க போச்சோ, அங்கயே போச்சும்மா. மணியோட நெனைப்பே இல்ல. கோடியப் பாத்துத் திரும்பி, விரலை நீட்டிட்டேன்.

பூச்சாடியப் பாத்து.

சபை முழுக்கப் பூச்சாடியப் பாக்கு. பேராயரு பூச்சாடியப் பாக்காரு. பூச்சாடி என்ன செய்யும்? பாட்டு நின்னு போச்சு. நான் விரலை நீட்டினது நீட்டினபடி நிக்கேன், மடக்கவும் தெரியல. இடம் காலியாக் கிடக்கேன்னு சாமிதாஸ் அண்ணாச்சி தன் பெரிய மணியால டொம்முனு ஒரு போடு போட்டாரு பாரு, எடுத்து அவரு தலையில போடலாம்னு இருந்துச்சு.

ஆராதனை முடிஞ்சு பேராயரு குழுகிட்ட வந்தாரு. சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு, "அந்த இடத்துல யாரு நிக்கணும்?"னு. எல்லாவளும் "பியூலா"ன்னாளுவ. ஒரே நேரத்துல, ஒரே குரல்ல. மூணு மாசம் தொண்டை கிழிய நான் சொல்லிக் கொடுத்தும் ஒரு நாளும் ஒண்ணா அடிக்காதவளுவ அன்னைக்கு ஒண்ணாச் சொன்னாளுவ.

இப்ப நான் உன்னையக் கேக்கேன், நியாயத்தச் சொல்லு. நான் கை காட்டினது சரியான இடமா இல்லையா? முன்னால நிக்கவ வேலை என்ன? கை காட்டது. நான் காட்டினேன். அங்க ஆள் இல்லன்னா அது ஆளோட தப்பு. வேண்டாம்னு சொன்னது நான்தான், சரி. ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா அப்படியே பெஞ்சுல போயி உக்காந்துருததா? சொந்த ஓரகத்தி, எந்திரிச்சு ஓடி வந்து அடிச்சிருக்க வேண்டாமா? இத எவனும் பேச மாட்டங்கான்.

அன்னைக்கு மணியப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். இது இல்லாம எப்படி அடிக்காவன்னு பாப்போம்னு அரிசி டிரம்முக்குள்ள வச்சுட்டேன். இந்த வருஷத்து முதல் ஞாயிறு ஆராதனையில அதே பாட்ட எடுத்தாவ. நான் கடைசி பெஞ்சுல போயி உக்காந்தேன். முன்னால ஒரு ஆள் கிடையாது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து அடிக்காவ. அலங்கோலம். பியூலா பழையபடி கோடியில நிக்கா, கையில மணி கூட இல்ல. வெறுங்கையத் தோள்ல சாத்திக்கிட்டு அப்படியே நேரா நிக்கா. கடைசி வரி வந்துச்சு. வெறுங்கைய முன்னால நீட்டினா பாரு, சபை முழுக்க அந்தச் சத்தத்த வாயால பாடுச்சு. சின்னது, பெருசு, கிழடு கட்டை எல்லாம். கோயில் ஓடு அதிர்ந்துச்சு. அந்த நேரத்துல என் விரல் கோடியப் பாத்து நீண்டுச்சுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு. பொய். நான் கொசு அடிச்சேன்.

அதே ஆராதனை முடியும்போது ஐயரு அறிவிச்சிட்டாரு. பள்ளிக்கூடங்களுக்குக் கைமணி சொல்லிக் கொடுக்க பியூலா. மணி ஒண்ணு அடிச்சவளுக்கு அத்தனை பள்ளிக்கூடமும். நான் வீட்டுக்கு வந்து படுத்தவதான், மத்தியானம் சோறு கூடப் பொங்கல. அழுதேன், அதை ஏன் மறைக்கணும்?

சாயங்காலம் வாரா அவ. வாசல்ல நின்னுக்கிட்டு, "அக்கா, எனக்கு அடிக்கத் தெரியும், சொல்லிக் கொடுக்கத் தெரியாது. நீங்க முன்னால நில்லுங்க, நான் கூட நிக்கேன். ரெண்டு பேருமாப் போவோம்"ங்கா. குசும்பப் பாரு. கூட நிக்காளாம். நான் கதவைச் சாத்திட்டேன். ரொம்ப நேரம் நின்னுருக்கா போல, செருப்புச் சத்தம் கேக்கவே இல்ல. அவளுக்குத்தான் நிக்கது கை வந்த கலையாச்சே.

அதான் இன்னைக்குப் பொறப்பட்டுட்டேன். நேரா மேலிடத்து ஆபீஸுக்குப் போயி, பேராயர் மேசையில இந்த மணிய வச்சு, கை காட்டினது யாரு, தவறினது யாருன்னு ஒரு வார்த்தை கேக்கப் போறேன்.

என்ன சொன்ன? ஒரு தடவை அடிச்சுக் காட்டவா? நல்லாச் சொன்ன போ, நான் அடிக்க மாட்டேன்னு இவ்வளவு நேரம் என்ன கதையா சொன்னேன்? சரி, நீ பிடி. பயப்படாத, அந்தத் தோல் பிடியப் பிடி. தோள்ல சாத்திக்க. அப்படித்தான். நான் பாட்ட வாய்க்குள்ள முனங்குதேன், கடைசி வரில விரலை நீட்டுவேன். நீட்டினதும் அடிக்கணும், என்ன?

ம்ம்... ம்ம்ம்... இப்ப!

லேட்டு. போ, ரொம்ப லேட்டு. நீ மணியப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படி அடிப்ப? மணியில என்ன இருக்கு? கையப் பாக்கணும், என் கைய. எல்லாரும் இதேதான். சார்ட்டப் பாப்பாவ, சேலையப் பாப்பாவ, கோயில் வாசலப் பாப்பாவ. பாட்டு ஆரம்பிச்சதுல இருந்து முடியும் வரைக்கும் என் கையையே பாத்துக்கிட்டு நின்னவ ஒருத்திதான், அந்தப் பியூ...

கொண்டா மணிய.

நீ ஏன் என்னைய அப்படிப் பாக்க? சன்னல் பக்கம் திரும்பிக்க, காத்து வரட்டும்.